எடை மிகுதியால் படைநீக்கம்: மேல்முறையீடு

விதித்த எடையை மீறியதால் நிரந்தரத் தாழ்நிலை மருத்துவ வகையில் வைக்கப்பட்டு விடுவிக்கப்பட்ட படைவீரர், அவ்வாணையை எதிர்த்துப் பரிகாரம் கோரும் சட்ட நடைமுறை. இதில் பெரும்பாலும் விவாதத்துக்குள்ளாவது எடையன்று, விடுவித்த முறையே. இருதய நோயால் தாழ்வகையிலிருந்த ஒருவரை, தகுதியின்மை மருத்துவ வாரியத்தைக் கூட்டாமலே விடுவித்தது 1954-ஆம் ஆண்டு இராணுவ விதிகளின் 13-ஆம் விதிக்கு முரணானதென்று, இராஜ்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008 நவம்பர் 7-இல் தீர்ப்பளித்தது. அத்தத்துவம் எடையால் தாழ்வகையுற்றோருக்கும் பொருந்தத்தக்கது. துறைசார் முறையீடுகள் முடிந்தபின், இறுதி ஆணையிலிருந்து பொதுவாக ஆறு மாதங்களுக்குள், 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த ஆயுதப் படைகள் தீர்ப்பாயத்தில் மனுச் செய்தல் வேண்டும். பணி நீங்கியோர் தம் வசிப்பிடத்துக்குரிய அமர்வை நாடலாமாதலின், மாதவரம், இராயபுரம், எண்ணூர் வாசிகளுக்குச் சென்னை அமர்வே உரியது. கடலோரக் காவல் படையினரோ இத்தீர்ப்பாயத்தின் அதிகார எல்லைக்குப் புறம்பானவர். அவர்கள் நாடத்தக்கது உயர் நீதிமன்றம்.