பாரோயிலிருந்து வடக்கே மூன்று நாள்: பேருந்துச் சுற்றுலாவுக்கு ஒரு வழிகாட்டி

பள்ளி விடுமுறை நெருங்கும்போது சிரம்பான், பாரோய், அம்பாங்கான் வட்டாரங்களில் கோயில் நிர்வாகங்களும் குடியிருப்புச் சங்கங்களும் பேருந்து ஒன்றை வாடகைக்கு எடுத்து வடக்கே செல்வது வழக்கம். பெரும்பாலான பயணங்களில் பினாங்கில் ஒரு கோயில், ஒரு கடற்கரை, பாடாங் பெசாரில் சாமான் வாங்குவது என்று மூன்று நாளும் ஓடிவிடும். பாதி நேரம் பேருந்திலேயே கழியும். பெரியவர்கள் களைத்துப்போவார்கள், பிள்ளைகளுக்குக் கைப்பேசிதான் துணை.

ஆனால் தமிழர் இந்த நாட்டுக்கு வந்த இரண்டு பெரும் வழிகளும் வடக்கில்தான் அடுத்தடுத்து இருக்கின்றன. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கடாரத்துக் கடல் வாணிபம் ஒன்று. கரும்பு, இரப்பர்த் தோட்டங்களுக்குத் தொழிலாளர்களாக வந்தது மற்றொன்று. நாளுக்கு இரண்டு மூன்று இடங்களோடு நிறுத்திக்கொண்டால் இந்த இரண்டையும் ஒரே பயணத்தில் பார்த்துத் திரும்பலாம். அதற்கான திட்டம் இது.

பேருந்து எடுக்கும் முன்

2025 ஜூன் 9ஆம் தேதி கிரிக் அருகே கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலையில் வாடகைப் பேருந்து விபத்துக்குள்ளாகி, சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் உயிரிழந்தனர். வாடகை எவ்வளவு என்று கேட்பதற்கு முன் பேருந்தைப் பற்றிக் கேட்க வேண்டும் என்பதை அந்தத் துயரம் எல்லாருக்கும் உணர்த்தியது.

ஏற்பாட்டாளர்கள் கேட்க வேண்டியவை இவை. பேருந்துக்குத் தரைப் பொதுப் போக்குவரத்து நிறுவனமான அபாட்டின் சுற்றுலா உரிமம் இருக்கிறதா? அந்த உரிமம் பேருந்தை ஓட்டும் நிறுவனத்தின் பெயரிலேயே இருக்கிறதா? புஸ்பாகோம் சோதனை எப்போது செய்யப்பட்டது? பயணிகளுக்குக் காப்பீடு உண்டா? தொழிற்சாலை ஊழியர்களை ஏற்றும் பேருந்து மலிவாகக் கிடைக்கிறது என்று எடுத்துவிடக் கூடாது. அதன் உரிமம் வேறு. விபத்து நேர்ந்தால் காப்பீடு கைவிரிக்கக்கூடும்.

இந்தப் பயணத்துக்கு இரண்டு ஓட்டுநர்கள் தேவை. இரவு முழுவதும் ஓட்டி விடியற்காலையில் ஊர் சேரும் திட்டம் வேண்டவே வேண்டாம். தங்கும் விடுதியில் ஓட்டுநர்களுக்கும் அறை எடுத்துக் கொடுங்கள். பேருந்திலேயே தூங்கிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவது நம் உயிரை நாமே பணயம் வைப்பதாகும். 2025 ஜூலை 1 முதல் விரைவுப் பேருந்துகளிலும் சுற்றுலாப் பேருந்துகளிலும் இருக்கை வார் அணிவது கட்டாயம். பேருந்து புறப்படும் முன் ஒருவர் வரிசை வரிசையாகச் சென்று பார்த்துவிட வேண்டும்.

வழிகாட்டி வைத்துக்கொள்வதானால் சுற்றுலா அமைச்சின் உரிமம் பெற்றவரை அமர்த்துங்கள். அவரோடு, தோட்டத்தில் பால்மரம் வெட்டிய பெரியவர்கள் இரண்டு மூன்று பேரையும் முன்வரிசையில் அமர்த்தி ஒலிவாங்கியைக் கொடுங்கள். வழிகாட்டிக்குத் தெரியாத பல செய்திகள் அவர்களுக்குத் தெரியும்.

முதல் நாள்: பத்து காஜா, ஈப்போ, சுங்கை சிப்புட்

பாரோயிலிருந்து காலை 5 மணிக்குப் புறப்பட்டால் கோலாலம்பூர் நெரிசலுக்கு முன்பே தலைநகரைக் கடந்துவிடலாம். 1994இல் முழுமையாகத் திறக்கப்பட்ட வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில்தான் ஏறக்குறைய முழுப் பயணமும். தாப்பா ஓய்விடத்தில் பசியாறிவிட்டு, கோப்பேங் வழியாகப் பத்து காஜா செல்லுங்கள். பாரோயிலிருந்து சுமார் 260 கிலோமீட்டர்.

பத்து காஜா அருகே இருப்பது கெல்லி மாளிகை. ஸ்காட்லாந்திலிருந்து வந்த தோட்ட முதலாளி வில்லியம் கெல்லி சுமித் கட்டத் தொடங்கிய மாளிகை இது. அவர் 1926இல் லிஸ்பனில் காலமானார். மாளிகை முற்றுப்பெறாமலே நின்றுவிட்டது. இதற்காகத் தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளர்கள் வரவழைக்கப்பட்டனர். அவர்களில் பலர் கொள்ளைநோய்க்குப் பலியானார்கள். அம்மனுக்குக் கோயில் வேண்டும் என்று எஞ்சியவர்கள் கேட்க, கெல்லி கட்டிக்கொடுத்தார் என்பது அங்கு வழங்கும் செய்தி. மாளிகைக்குச் சற்றுத் தள்ளி அந்த மாரியம்மன் கோயில் இன்றும் இருக்கிறது. கோயிலின் மேற்பகுதியில் தெய்வ உருவங்களுக்கு நடுவே தொப்பியும் கோட்டும் அணிந்த ஒரு வெள்ளைக்காரர் சிலையும் நிற்கிறது. பயணிகள் பலர் மாளிகையோடு திரும்பிவிடுகிறார்கள். நம்மவர்கள் கோயிலையும் பார்க்காமல் வரக் கூடாது.

மதிய உணவை ஈப்போவில் முடித்து, குனோங் சீரோவில் அமைந்த கல்லுமலை சுப்பிரமணியர் கோயிலைத் தரிசிக்கலாம். கோயில் பகல் நேரத்தில் நடை சாத்தியிருக்கக்கூடும் என்பதால் முன்கூட்டியே நிர்வாகத்திடம் கேட்டுக்கொள்வது நல்லது.

அடுத்தது சுங்கை சிப்புட். இதைச் சுற்றுலாப் பட்டியலில் சேர்ப்பவர்கள் குறைவு. 1948 ஜூன் 16ஆம் தேதி இவ்வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்துத்தான் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. தோட்ட மக்களின் வாழ்க்கையை 12 ஆண்டுகள் நெருக்கிய ஊரடங்கும் உணவுக் கட்டுப்பாடும் அப்படித்தான் தொடங்கின.

துன் வீ.தி.சம்பந்தன் பிறந்த ஊரும் இதுவே. வெள்ளையர் நிறுவனங்கள் தோட்டங்களை விற்றுவிட்டு வெளியேற, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வேலையையும் வீட்டையும் ஒருசேர இழந்தன. அந்தத் தோட்டத் துண்டாடலுக்கு மறுமொழியாக 1960இல் சம்பந்தன் தொடங்கியதே தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். தொழிலாளி மாதம் 10 வெள்ளி செலுத்தி, தான் வேலை செய்யும் தோட்டத்துக்கே பங்குதாரர் ஆகலாம் என்பது திட்டம். சங்கம் முதலில் வாங்கியது கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டம். நெகிரி செம்பிலானிலும் இந்தச் சங்கத்தில் பணம் கட்டிய பெரியவர்கள் உண்டு. அவர்கள் பேச வேண்டிய இடம் இதுதான்.

ஈப்போவுக்கு வடக்கே நெடுஞ்சாலையில் மெனோரா சுரங்கப்பாதையை ஒட்டிய மலைச்சாலை ஏற்ற இறக்கமானது. அங்கே ஓட்டுநரை அவசரப்படுத்த வேண்டாம். இரவுத் தங்கலைத் தீவில் வைப்பதைவிடப் பட்டர்வொர்த் அல்லது புக்கிட் மெர்தாஜாமில் வைத்தால் செலவு குறையும், பேருந்து நிறுத்தவும் இடம் கிடைக்கும்.

இரண்டாம் நாள்: பினாங்கு

தங்கும் இடத்தைச் சுற்றியுள்ள செபெராங் பிறையிலும் நமக்கு வரலாறு உண்டு. இரப்பர் வருவதற்கு வெகுகாலம் முன்பே, 19ஆம் நூற்றாண்டில், இங்கிருந்த கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டார்கள். பேருந்து பாலத்தில் ஏறும் முன் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவிடலாம். 1985இல் திறக்கப்பட்ட பினாங்குப் பாலத்தின் நீளம் 13.5 கிலோமீட்டர். பத்து காவானிலிருந்து செல்லும் இரண்டாவது பாலம் 2014இல் திறக்கப்பட்டது. அது 24 கிலோமீட்டர்.

வெயில் ஏறுவதற்கு முன் தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி கோயிலுக்குச் செல்லுங்கள். மேலே ஏற 513 படிகள். முட்டிவலி உள்ளவர்கள் அடிவாரத்து விநாயகர் கோயிலிலும், அருகிலுள்ள நாட்டுக்கோட்டை நகரத்தார் கோயிலிலும் தரிசனம் செய்துகொண்டு காத்திருக்கலாம். இதை முதல்நாளே அறிவித்துவிட்டால் யாருக்கும் மனவருத்தம் இராது.

பிறகு ஜார்ஜ் டவுன். 2008இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைத் தகுதி பெற்ற நகரம். பெரிய பேருந்து உள்தெருக்களில் நுழைவது சிரமம். ஓரிடத்தில் இறங்கி நடப்பதே நல்லது. குவீன் தெருவில் 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில், அங்கிருந்து சில நிமிட நடையில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், தமிழ் முஸ்லிம் வணிகர்களின் நினைவைத் தாங்கிய சூலியா தெரு ஆகியவற்றை இரண்டு மணி நேரத்தில் பார்த்துவிடலாம். 1816இல் பினாங்கு பிரீ ஸ்கூலில் தொடங்கப்பட்ட தமிழ் வகுப்பைத்தான் இந்நாட்டுத் தமிழ்க்கல்வியின் தொடக்கமாகக் கொள்கிறோம். தமிழ்ப்பள்ளியில் பயிலும் பிள்ளைகள் பேருந்தில் இருந்தால் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

மாலையில் பாலம் கடந்து சுங்கை பட்டாணி சென்று தங்குங்கள். மறுநாள் காலை கடாரத்தில் நிதானமாக இருக்க இது உதவும்.

மூன்றாம் நாள்: கடாரம்

மெர்போக்கில், புக்கிட் பத்து பகாட் அடிவாரத்தில் இருக்கிறது பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருள் அருங்காட்சியகம். பின்னணியில் 1,217 மீட்டர் உயரக் குனோங் ஜெராய். வங்கக் கடலைக் கடந்து வந்த கப்பல்களுக்கு இந்த மலைதான் அடையாளம்.

தஞ்சைச் சோழர்களுக்கும் கடாரத்துக்கும் இருந்த தொடர்பில் நட்பும் உண்டு, போரும் உண்டு. இராசராசன் காலத்தில் கடாரத்து அரசர் நாகப்பட்டினத்தில் புத்த விகாரம் எழுப்பினார். அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊர் கொடையாக வழங்கப்பட்டதை லெய்டன் செப்பேடுகள் என்று அறியப்படும் பட்டயம் கூறுகிறது. அவன் மகன் இராசேந்திரன் 1025இல் கடற்படை அனுப்பிக் கடாரத்தை வென்று ‘கடாரங்கொண்டான்’ ஆனான். இங்கே தோண்டி எடுக்கப்பட்டவற்றில் இந்துக் கோயில்களும் உண்டு, பௌத்தச் சின்னங்களும் உண்டு. ‘எல்லாம் சோழன் கட்டியது’ என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட வேண்டாம். சோழர் படையெடுப்புக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இது பல நாட்டு வணிகர் வந்துபோன துறைமுகம். அதுவே இதன் பெருமை.

அருங்காட்சியக வளாகத்தில் முதன்மையானது புக்கிட் பத்து பகாட் சண்டி. ஓடையை ஒட்டி, இருந்த இடத்திலேயே மீட்டமைக்கப்பட்டது. விமானம், மண்டபம் என்ற இரு பகுதிகளையும் தரையமைப்பிலேயே பிரித்தறியலாம். கருங்கல் தூண் அடிகள்மீது ஒருகாலத்தில் மரத்தூண்கள் நின்றன. வளாகத்திலுள்ள மற்றச் சண்டிகள் வேறு இடங்களிலிருந்து பெயர்த்து இங்கே கொண்டுவரப்பட்டவை.

எல்லாச் சண்டிகளுக்கும் அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. 2013இல் வீடமைப்புத் திட்டத்துக்காக நிலத்தைச் சமப்படுத்தியபோது 11ஆம் எண் சண்டி இடித்துத் தள்ளப்பட்டது. அரசிதழில் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவிக்கப்படாமல், தனியார் நிலத்தில் அது இருந்தது. இயந்திரம் வந்துபோன பிறகுதான் நாடு அதைப் பற்றிப் பேசியது. மக்கள் தொடர்ந்து வந்து பார்க்கும் இடத்தை அப்படிச் சத்தமில்லாமல் இடித்துவிட முடியாது. நம் பேருந்துகள் இங்கு வர வேண்டும் என்பதற்கு இதுவே போதிய காரணம்.

திரும்பும் வழியில் பீடோங் வட்டாரத்தைப் பற்றியும் சொல்லுங்கள். போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் இங்குள்ள ஹார்வர்ட் தோட்டத்தில்தான் ஏ.எம்.சாமியின் தலைமையில் தொண்டர் படை உருவாகி, கள்ளுக்கடைகளுக்கு எதிராக மறியல் செய்தது. 1947இல் கெடாத் தோட்டங்களில் நடந்த போராட்டங்களில் தொழிலாளர்கள் உயிரையும் கொடுத்தார்கள்.

நினைவில் கொள்ள

சுங்கை பட்டாணியிலிருந்து பாரோய்க்கு ஏறக்குறைய 450 கிலோமீட்டர். பிற்பகல் 1 மணிக்குள் புறப்பட்டு இரண்டு இடங்களில் நின்று வந்தால், சாலை நெரிசல் இல்லாவிடில் இரவு 9 மணி அளவில் வீடு சேரலாம்.

கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். வெள்ளி நண்பகல் தொழுகை நேரத்தில் பொது இடங்கள் மூடியிருக்கலாம் என்பதால், கடாரத்தை அன்று வைக்காதீர்கள். தைப்பூசக் காலத்தில் பினாங்கில் விடுதி கிடைப்பது அரிது.

பெர்லிஸ்வரை போக விரும்புவோர் நான்காவது நாள் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அலோர் ஸ்டார் நெல் அருங்காட்சியகம், காக்கி புக்கிட்டில் பழைய ஈயச் சுரங்கப் பாதையாகிய குவா கெலாம் ஆகியவற்றைப் பார்க்கலாம். பெர்லிசின் ஒரே தமிழ்ப்பள்ளி கங்காரில் இருக்கிறது. இவற்றையெல்லாம் மூன்று நாளுக்குள் திணித்தால் முதலில் பலியாவது ஓட்டுநரின் ஓய்வுதான்.

மருந்து உட்கொள்வோரின் பெயர், அவசரத் தொடர்பு எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி ஏற்பாட்டாளர் கையில் வைத்திருக்கட்டும். பெரியவர்கள் பேருந்தில் சொல்லும் கதைகளை இளையோர் கைப்பேசியில் பதிவு செய்து, நாள், தோட்டத்தின் பெயர், சொன்னவர் பெயர் மூன்றையும் சேர்த்துச் சேமித்து வையுங்கள். பாரோயைச் சுற்றிலும் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறிவருகின்றன. அந்த வாழ்க்கையை நேரில் கண்டவர்களை அடுத்த பயணத்திலும் பார்ப்போம் என்பதற்கு உறுதியில்லை.