நூற்கதிர் தந்த சொல்

பள்ளியில் தாவரவியல் பயிலும் மாணவர்கள் முள்ளங்கியின் வேரைக் 'கதிர் வடிவ வேர்' என்று எழுதுகின்றனர். அது எந்தக் கதிர் என்று வினவினால், சிலர் நெற்கதிரை நினைப்பர். சிலர் ஞாயிற்றின் கதிரை நினைப்பர். இரண்டுமன்று. நூல் நூற்கும் கருவிக்கும் தமிழில் கதிர் என்றே பெயர். நூற்ற நூலைச் சுற்றச் சுற்ற அதன் நடுப்பகுதி பருக்கும். இருமுனைகளும் ஒடுங்கி நிற்கும். முள்ளங்கியின் தோற்றமும் அதுவே.

இச்சொல்லாட்சிக்கு ஒரு வரலாறு உண்டு. இலத்தீன் மொழியில் நூற்கதிரின் பெயர் 'ஃபூசுஸ்'. சுவீடன் நாட்டு அறிஞர் கார்ல் லின்னேயஸ் 1751-இல் வெளியிட்ட 'ஃபிலசோஃபியா பொட்டானிக்கா' என்னும் நூலில், செடியின் உறுப்புகளை வருணிக்கும் சொற்களை வரையறுத்தார். 'ஃபூசுஸ்' என்பதிலிருந்து பிறந்த 'ஃபூசிஃபார்மிஸ்' என்ற சொல்லும் வேர்களை வருணிக்க அதில் இடம்பெற்றது. படம் அச்சிடுவது எளிதல்லாத அக்காலத்தில் சொல்லே பெரும்பாலும் படமாக வேண்டியிருந்தது. நூற்கதிரையோ அன்று வீடுதோறும் அறிந்திருந்தனர்.

வேரைக் குறித்த சொல் பிற துறைகளுக்கும் பரவியது. நீரைக் கிழித்து விரையும் சூரைமீனின் உடல் கதிர் வடிவமுடையது. முன்னே விலகும் நீர் பின்னே சுழலாமல் கூட அவ்வடிவம் துணை செய்கிறது. நடுவில் பருத்து முனைகளில் ஒடுங்கும் தசைகளையும் அவ்வாறே அழைத்தனர். செல் பிரியும்போது மரபுப் பொருளைப் பகிர்ந்தளிக்கும் இழைத்தொகுதியும் 'கதிர்' என்றே பெயர் பெற்றது. அப்பிரிவை வால்தர் ஃபிளெமிங் 1882-இல் விரிவாக விளக்கினார்.

1854-இல் ஜெர்மானிய உடற்கூற்றியலர் எமில் ஹுஷ்கே, மூளையின் அடிப்புறத்து மடிப்பொன்றுக்கும் இப்பெயரையே சூட்டினார். மனித முகங்களைக் காணும்போது அம்மடிப்பின் ஒரு பகுதி சிறப்பாகச் செயற்படுவதை நான்சி கான்விஷரும் அவருடைய துணைவர்களும் 1997-இல் எடுத்துக்காட்டினர். அப்பகுதி பழுதுற்றால், பெற்ற பிள்ளையின் முகத்தையும் அடையாளம் காண இயலாமற் போகலாம்.

நூற்பு ஆலைகள் எழுந்தபின் நூற்கதிர் வீடுகளை விட்டு அகன்றது. அதைச் சுழற்றியோர் பெரும்பாலும் பெண்கள். அவர்களுடைய பெயர்களை எந்த ஏடும் குறித்து வைக்கவில்லை. ஆயினும் அவர்கள் கையாண்ட கருவியின் பெயரின்றி அறிவியலால் இவ்வடிவத்தைச் சொல்ல இயலவில்லை. கதிர் வடிவம் என்று கற்பிக்கும் ஆசிரியர் ஒருமுறையேனும் அந்தக் கருவியைக் காட்டிவிட்டுப் பாடத்தைத் தொடங்கட்டும். சொல்லும் விளங்கும், அச்சொல்லைத் தந்த உழைப்பாளரும் நினைவில் நிற்பர்.