கொடுவா மீனும் குடும்பச் சிக்கனமும்
(பண்ணை வானொலியில் ஒலிபரப்பான உரை)



விருத்தாசலம் என்று சொன்னால் வெளியூர்க்காரருக்குப் பீங்கான் ஜாடியும் பொம்மையும் நினைவுக்கு வரும். நமக்கு முந்திரியும் மல்லாட்டையும் நினைவுக்கு வரும். "இந்த மேட்டாங்காட்டுச் சீமையில் மீனுக்கு என்னய்யா வேலை? அதோடு சிக்கனத்தை ஏன் முடிச்சுப் போடுகிறீர்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் மீனையும் சிக்கனத்தையும் முடிச்சுப் போட்டது நான் இல்லைங்க. நூறு வருஷத்துக்கு முன்னாலேயே சென்னை மாகாணத்தில் ஓர் அதிகாரி போட்டுவிட்டார். அவர் கதைக்கு வருமுன் மீனின் கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

கொடுவாவின் கணக்கு

நம்ம மணிமுத்தாறு கூடலையாத்தூர் பக்கம் போய் வெள்ளாற்றில் சேருகிறது. வெள்ளாறு சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாகப் போய்ப் பரங்கிப்பேட்டையில் கடலில் விழுகிறது. உப்பு நீரும் நன்னீரும் கலக்கிற அந்த மாதிரி கழிமுகம்தான் கொடுவாவுக்குப் பிடித்த இடம். பெரிய வாய், வெள்ளி நிறம், நல்ல சதை. உயிருள்ள இறாலையோ சின்ன மடவையையோ தூண்டிலில் குத்திப் போட்டு, பொறுமையாகக் காத்திருந்து பிடிப்பார்கள். விலையும் நன்றாகவே போகும்.

இந்தக் கொடுவாவின் வாழ்க்கை விசித்திரமானது. அது முட்டையிடுவது கடலோர உப்பு நீரில். குஞ்சுகள் கழிமுகத்துக்கு வந்து, வழி கிடைத்தால் ஆற்று நன்னீருக்கும் ஏறி வளரும். வளர்ந்த பிறகு முட்டையிட மறுபடி உப்பு நீருக்குத் திரும்பும். இன்னொரு விசேஷமும் உண்டு. பெரும்பாலான கொடுவா முதலில் ஆணாக இருக்கும். சில வருஷம் கழித்து, உடம்பு பெருத்த பிறகுதான் பெண்ணாக மாறும். ஆகவே பெரிய மீன்தான் தாய் மீன். அது இடுகிற முட்டை பல லட்சம்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? சின்னக் கண்ணி வலை போட்டுக் குஞ்சையும் வாரி, பெரிய மீன்களையும் ஒன்று விடாமல் பிடித்துவிட்டால், முதலும் போச்சு, வட்டியும் போச்சு. விதைநெல்லைக் குத்திச் சாப்பிட்ட வீட்டுக்கு அடுத்த வருஷம் என்ன கதி? ஆற்றுக்கும் அதே கதிதான். முதலைத் தொடாமல் அதன் பலனில் வாழ்வதுதான் சிக்கனம். இது மீனுக்கும் பொருந்தும், பணத்துக்கும் பொருந்தும்.

ஏரியே ஊரின் உண்டியல்

இந்தப் புத்தி நம் முன்னோர்களுக்கு இருந்தது. உத்திரமேரூர்க் கோயிலில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டியவை. ஊர்ச் சபையின் வாரியங்களுக்குக் குடவோலை மூலம் ஆள் எடுத்த முறை அவற்றில் எழுதியிருக்கிறது. அந்த வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம். ஏரியைக் கவனிக்கிற வேலைக்கென்றே ஒரு குழு!

பழைய கல்வெட்டுகளில் 'பாசிப்பாட்டம்' என்றும் ஒரு சொல் வருகிறது. பாசி என்றால் இங்கே பச்சைப் பாசி இல்லை, மீன்பிடிப்பு. பாட்டம் என்றால் வரி. அதாவது மீன்பிடிப்புக்குக் கொடுக்கிற குத்தகை. ஏரி மீனில் வந்த வருமானத்தை அந்த ஏரியைத் தூர்வாரிக் கரையைப் பலப்படுத்தவே ஒதுக்கிய ஏற்பாடுகளும் இருந்திருக்கின்றன. ஏரி மீனைக் கொடுத்தது. மீன் ஏரியைக் காப்பாற்றியது. கரை நன்றாயிருந்தால் தண்ணீர் நின்றது. தண்ணீர் நின்றால் பயிர் விளைந்தது. கைப்பணம் ஒரு காசு போடாமலே ஊருக்கு ஒரு சேமிப்பு நிதி ஓடிக்கொண்டிருந்தது, பாத்தீங்களா?

குடும்பத்திலும் அப்படித்தான். கோடையில் ஏரி வற்றும்போது ஊரே இறங்கும். ஊத்தா ஒரு பக்கம், பறி ஒரு பக்கம், கச்சா வலை ஒரு பக்கம். விரால், கெண்டை, கெளுத்தி, குறவை என்று வீட்டுக்கு வீடு மீன் வரும். அன்றைக்குக் குழம்புக்குப் போக மிச்சத்தை நம்ம தாய்மார்கள் தூக்கி எறிந்தார்களா? குடலை எடுத்து, உப்பிட்டு, வெயிலில் காயவைத்துச் சட்டியில் போட்டு மூடி வைத்தார்கள். அடைமழையில் வேலை இல்லாமல் கையில் காசு இல்லாத நாளில், அந்தக் கருவாடுதான் கூழுக்குத் துணை. சிக்கனம் என்றால் வாயைக் கட்டிக்கொள்வது இல்லைங்க. மலிவாகக் கிடைக்கும் நாளில் எடுத்து வைத்து, கிடைக்காத நாளில் கடன் வாங்காமல் சமாளிப்பது.

அணையும் வெடியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டினார்கள். வீராணம் ஏரிக்கும் பல ஆயிரம் ஏக்கர் நிலத்துக்கும் தண்ணீர் கிடைத்தது. பயிருக்கு அது பெரிய நன்மை. ஆனால் கடலிலிருந்து ஆற்றுக்கு ஏறுகிற மீன்களுக்கு அது சுவர். பிரான்சிஸ் டே என்ற மருத்துவர் இந்திய மீன்வளத்தை ஆராய்ந்து 1873இல் அறிக்கை கொடுத்தார். மீன் ஏற வழி வைக்காத அணைகளாலும், குஞ்சு மீன்களைக் கண்மண் தெரியாமல் வாருவதாலும் ஆறுகளில் மீன் குறைகிறது என்பது அவர் கண்டது. 1897இல் இந்திய மீன்வளச் சட்டம் வந்தது. வெடி வைத்தும் விஷம் கலந்தும் மீன் பிடிப்பது குற்றம் என்று ஆயிற்று.

சட்டம் வந்தது, பழக்கம் முழுக்கப் போகவில்லை. வெடி வைத்தால் பத்துக் கிலோ கைக்கு வரும், பத்து வருஷத்து மீன் அழியும். அது மீன் பிடிப்பது இல்லை. ஆற்றை அடகு வைப்பது.

கடனையும் மீனையும் பார்த்த மனிதர்

இப்போது அந்த அதிகாரிக்கு வருவோம். அவர் பெயர் பிரடெரிக் நிக்கல்சன். சென்னை மாகாணத்தில் கலெக்டர் வேலை பார்த்தவர். விவசாயிகள் ஏன் கடனில் முழுகுகிறார்கள், அவர்களுக்கு வங்கி ஏற்படுத்த முடியுமா என்று ஆராயும் பொறுப்பை அரசு அவரிடம் கொடுத்தது. அவர் அறிக்கை 1895இலும் 1897இலும் இரண்டு பாகமாக வெளிவந்தது. சென்னை மாகாணத்துக் கிராமக் கடன் 45 கோடி ரூபாய் இருக்கும் என்று அவர் மதிப்பிட்டார். அந்தக் காலத்து 45 கோடி என்றால் யோசித்துப் பாருங்கள்!

அதற்கு மருந்து என்ன? ஜெர்மனியில் ரைஃபைசன் என்று ஓர் ஊர்த்தலைவர் இருந்தார். பஞ்சத்திலும் வட்டிக்கடையிலும் சிக்கிய குடியானவர்களைச் சேர்த்து அவர் கடன் சங்கம் அமைத்தார். ஒரே ஊர்க்காரர்கள், ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள் சேர வேண்டும். விளைச்சலுக்குத்தான் கடன், வீண் செலவுக்கு இல்லை. ஒருவர் கடனுக்கு எல்லாரும் பொறுப்பு. இப்படிப்பட்ட சங்கமும், அதை முன்நின்று நடத்துகிற மனிதரும் நம் ஊர்களிலும் வேண்டும் என்பதே நிக்கல்சன் சொன்னதின் சாரம். 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே வருஷம் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் விவசாயக் கூட்டுறவுக் கடன் சங்கம் தொடங்கியது. இன்றைக்கு நீங்கள் பயிர்க்கடன் வாங்குகிற சங்கத்துக்கு அதுதான் மூத்த அண்ணன்.

பணத்தைப் பார்த்த அதே மனிதரை அரசு அடுத்து மீனைப் பார்க்கச் சொன்னது. 1907இல் சென்னை மாகாணத்தில் மீன்வளத்துக்கென்று ஒரு நிர்வாகம் ஏற்பட்டது. அதற்குத் தலைமை நிக்கல்சன். அங்கேயும் அவர் கண்ணில் பட்டது வீணாவதுதான். மேற்குக் கரையில் மத்தி மீன் கூட்டம் கூட்டமாகக் கிடைக்கும். பாதி அழுகிப் போகும். அதிலிருந்து எண்ணெய் எடுத்து, சக்கையை எருவாக்குகிற முறையை அவர் காலத்தில் பரப்பினார்கள். அழுகிப் போகிற மீன் நிலத்துக்கு உரமாயிற்று. கடன் சங்கமும் மீன் எருவும் ஒரே கருத்தின் இரண்டு கிளைகள்: இருப்பதை வீணாக்காதே, இல்லாத நாளுக்கு வட்டிக்காரன் வாசலில் நிற்காதே.

விதை கைக்கு வந்தது

நெடுங்காலம் மீன் குஞ்சுக்கு ஆற்றைத்தான் நம்ப வேண்டியிருந்தது. 1957இல் ஒடிசாவில் அங்குல் என்ற இடத்தில் ஹீராலால் சௌதுரி, அலிகுஞ்ஞி ஆகிய விஞ்ஞானிகள் கெண்டை மீனுக்கு ஊசி மூலம் சுரப்பு நீர் செலுத்தி முட்டையிட வைத்தார்கள். அது நடந்த ஜூலை 10ஆம் தேதியைத்தான் தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறோம். கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகள் நம் குட்டைக்கு வந்தது இந்த வழியில்தான்.

கொடுவா சுலபத்தில் வசப்படவில்லை. சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் 1997இல்தான் அதைக் குஞ்சு பொரிக்க வைத்தது. சீர்காழி பக்கம் தொடுவாயிலும் கொடுவாக் குஞ்சுப் பொரிப்பகம் ஏற்பட்டது. கடலிலும் விதையைக் காக்கும் ஏற்பாடு வந்தது. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு 2001 முதல் 45 நாள், 2017 முதல் 61 நாள், ஏப்ரல் 15 தொடங்கி மீன்பிடித் தடை. மீன் இனம் பெருகுவதற்குக் கொடுக்கிற அவகாசம் அது.

"அப்படியானால் என் பண்ணைக்குட்டையில் கொடுவா விடலாமா?" என்று கேட்பீர்கள். நன்னீரிலும் அது வளரும், உண்மைதான். ஆனால் அது மாமிசம் தின்னும் மீன். அதற்கு மீன் தீனியோ, புரதம் மிகுந்த ஆலைத் தீனியோ வேண்டும், செலவு அதிகம். பெரிய குஞ்சு சின்னக் குஞ்சைத் தின்னும். அளவு பார்த்து அடிக்கடி பிரித்துக்கொண்டே இருக்க வேண்டும். கெண்டை விட்ட குட்டையில் கொடுவாவை விடுவது ஆட்டுப்பட்டியில் நரியை விட்ட மாதிரி. உப்பங்கழிப் பக்கத்துக்காரர்கள் பயிற்சி எடுத்துச் செய்யட்டும். நம்ம பக்கத்துக்குக் கெண்டைதான் சிக்கனம்.

தண்ணீர் ஏழெட்டு மாதம் நிற்கிற குட்டையா? ஏக்கருக்குச் சுமார் 2,000 விரற்குஞ்சுகள் விடுங்கள். கட்லா மேல்மட்டத்திலும், ரோகு நடுவிலும், மிர்கால் அடியிலும் மேயும். ஒன்றின் தீனிக்கு இன்னொன்று போட்டி இல்லை. சாணி நம் தொழுவத்தில் இருக்கிறது. தவிடும் மல்லாட்டைப் பிண்ணாக்கும் சம அளவு கலந்து போடுங்கள். பிடிக்கும்போது பெரிதை எடுத்துச் சின்னதை விடுங்கள்.

வீட்டுக் கணக்கு

மீன் விற்ற பணம் கைக்கு வந்ததும் என்ன ஆகிறது? அங்கேதான் சங்கதி இருக்கிறது. நூற்றுக்கு மாதம் மூணு ரூபாய் வட்டிக்கு 10,000 ரூபாய் வாங்கினால், மாதம் 300. வருஷத்தில் 3,600 ரூபாய் வட்டிக்கே போய்விடும், முதல் அப்படியே நிற்கும். அதே ஊரில் பத்துத் தாய்மார்கள் சேர்ந்து மாதம் ஆளுக்கு 100 ரூபாய் போட்டால் வருஷத்தில் 12,000 ரூபாய் அவர்கள் கையிலேயே இருக்கும். ஒருத்திக்கு அவசரம் என்றால் அதிலிருந்து எடுக்கலாம். வட்டியும் குழுவுக்கே வரும். 1989இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய மகளிர் குழுக்கள் தமிழ்நாடு முழுக்கப் பரவியது இந்தக் கணக்கால்தான். நிக்கல்சன் தேடிய ஊர்த்தலைவர் நம்ம வீட்டுத் தாய்மார்தானோ என்றுகூட எனக்குத் தோன்றுவதுண்டு. மீன் வளர்ப்போருக்கும் உழவர் கடன் அட்டை தருவது என்று 2018இல் மத்திய அரசு அறிவித்தது. குஞ்சுக்கும் தீனிக்கும் கடன் வேண்டுமானால் முதலில் சங்கத்திலோ வங்கியிலோ கேளுங்கள்.

இன்னும் மூன்று சின்ன வேலைகள்:

ஒன்று, ஒரு நோட்டு வாங்கி வரவு செலவு எழுதுங்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்னவர்கள் நம் பெரியவர்கள்.

இரண்டு, கருவாடு வாங்கினால் ஈரமில்லாததாக, சிவப்புப் படராததாகப் பார்த்து வாங்குங்கள். சிவப்புப் படர்ந்தால் கெட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். மறுபடி ஒரு வெயில் காட்டி, நம்ம ஊர்ப் பீங்கான் ஜாடியில் போட்டு இறுக மூடுங்கள். மெருகிட்ட ஜாடி ஈரத்தை உள்ளே விடாது.

மூன்று, உங்கள் ஊர் ஏரி மீன் ஏலத்துக்குப் போகிறதா? கிராம சபையில் எழுந்து, ஏலப் பணம் எவ்வளவு, அதில் ஏரிக்கு எவ்வளவு என்று கேளுங்கள். கேட்பது சண்டை இல்லை. பாசிப்பாட்டம் எழுதி வைத்த முன்னோரின் பேரப்பிள்ளைகள் கேட்க வேண்டிய கேள்விதான். மதகு உடைந்து கிடக்கையில் மீன் பணம் வேறு எங்கோ போனால், அடுத்த வருஷம் மீனும் இராது, நெல்லும் இராது.

மீன் குஞ்சையும் விட்டு வையுங்கள், வரவில் ஒரு பங்கையும் விட்டு வையுங்கள். இரண்டும் பெருகித் திரும்பி வரும்.