சப்பாத்திக்கள்ளி

நாகதாளி என்றும் வழங்கப்பெறும் சப்பாத்திக்கள்ளி, அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்டு இந்தியாவில் குடியேறிய ஒபன்ஷியா என்னும் பேரினத்துச் செடிகளின் பொதுப்பெயராகும். நம் நாட்டுக்கே உரிய சதுரக்கள்ளி பால் வடியும் ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தது. சப்பாத்திக்கள்ளியோ காக்டஸ் குடும்பத்தது. இலையென மயங்கத்தக்க அதன் தட்டையான தண்டுகளுள் ஒன்று முறிந்து மண்ணில் விழுந்தாலும், முள் முளைக்கும் கண்களிலிருந்து வேற்றிட வேர்கள் புறப்பட்டுத் தனிச்செடியாகிவிடுமாதலால், வெட்டி எறிவது இதைப் பரப்பும் உபாயமாகவே முடிந்தது.

மெக்ஸிகோவில் இச்செடியின்மேல் வளர்ந்த காக்கினீல் பூச்சியின் செஞ்சாயம் ஸ்பானியருக்கு அளவற்ற செல்வத்தை ஈட்டித் தந்தமை கண்டு, கிழக்கிந்தியக் கம்பெனியார் அத்தொழிலை இந்தியாவில் ஸ்தாபிக்க விரும்பினர். சென்னைச் சைதாப்பேட்டையில் டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் இதற்கெனக் கள்ளித் தோட்டம் ஒன்றை அமைத்தார். 1795-இல் காப்டன் நீல்சன் பிரேஸிலிலிருந்து கொணர்ந்த பூச்சியோ, உயர்ந்த சாயம் தரும் ஜாதியன்று. அதன் சாயம் மட்டமானது. ஆயினும் அது வட இந்தியாவில் மோனகாந்தா என்னும் கள்ளியினத்தை உண்டு அழித்தமையால், 1836-38 ஆண்டுகளில் தென்னிந்தியாவுக்கும் கொண்டுவரப்பட்டது. களையொன்றை ஒழிக்கும் பொருட்டுப் பூச்சியை வேண்டுமென்றே ஏவி வெற்றி கண்ட முதல் முயற்சி இதுவே. சாயத்துக்காகச் செய்த பிரயத்தனத்தின் மெய்யான லாபம் இதுவென்றே கொள்ளவேண்டும்.

அப்பூச்சி தீண்டாத டில்லெனி என்னும் கள்ளியினமோ, வேலிக்கென நடப்பட்டு, வறண்ட தென் ஜில்லாக்களின் மேய்ச்சல் நிலங்களையும் வண்டிப்பாதைகளையும் ஆக்கிரமித்தது. கிளுவை வேலியிட்டு, கொழுக்கட்டைப் புல் வளர்த்து, காங்கேயம் மாடுகளைப் பேணிய கொங்குநாட்டுக் கொறங்காடு போன்ற நிலங்களுக்கு இத்தகைய செடி தீராப் பகையேயாகும். 1926-இல் இலங்கையின் வழியாக வந்த டாக்டிலோபியஸ் ஒபன்ஷியே என்னும் மற்றொரு காக்கினீல் பூச்சி, வெண்பஞ்சு போர்த்தாற்போலக் கள்ளியின்மேல் படிந்து, ஐந்தாறு ஆண்டுகளில் தென்னிந்தியாவில் சுமார் 40,000 ஹெக்டேர் நிலத்தை விடுவித்தது. மருந்தும் மண்வெட்டியும் சாதித்திராத காரியம் அது.

இதற்கிடையே, 1856-இல் இரசாயன விஞ்ஞானி பெர்கின் கண்ட செயற்கைச் சாயமும் அதன் வழிவந்தவையும் காக்கினீலைச் சாயப்பட்டறைகளிலிருந்து அகற்றின. கொங்குநாட்டுத் திருப்பூரின் இன்றைய பின்னலாடைகளும் பெரும்பாலும் இரசாயனச் சாயம் ஏறியவையே. இப்போது கொங்கு வட்டாரத்தில் கள்ளி அங்கங்கே மட்டும் காணப்படுகிறது. தரிசு நிலங்களில் சீமைக் கருவேலமும் பார்த்தீனியமும், நொய்யல் ஆற்றின் தேங்கிய நீரில் ஆகாயத்தாமரையும் மண்டியுள்ளன. இம்மூன்றும் அமெரிக்கக் கண்டத்தவையே. இவற்றுள் எதையும் கள்ளியைப்போல் முற்றாக அடக்கிய பூச்சி இதுவரை இங்கு வாய்க்கவில்லை.