உப்பு காத்ததும் காக்காததும்

கல்யாணச் சீரோட மீன் ஊறலையும் வண்டியில ஏத்தி அனுப்பின ராஜா ஒருத்தர் இருந்தார்னா நம்புவீங்களா? கொரியாவில் இருந்தார். கி.பி. 683ல் ஷில்லா மன்னர் ஷின்முன், பெண் வீட்டுக்கு எண்ணெய், தேன், சோயா விழுதோட உப்பில் ஊறிப் புளிச்ச பண்டத்தையும் சேர்த்து 135 வண்டிகள் அனுப்பினாராம். நெல் தனிக் கணக்கு! 1145ல் தொகுத்த 'சாம்குக் சாகி' என்ற வரலாற்று நூல் சொல்லுது. இன்றைய 'ஜொட்கல்' பற்றிய முதல் குறிப்பா இதைத்தான் சொல்றாங்க.

இங்கே குர்காவ்ன்ல கிம்ச்சியை ரசிச்சுச் சாப்பிடுற நம்ம மக்கள்ல பலருக்கு, அதில் வழக்கமா இந்த இறால் ஊறலும் சேரும்னு தெரியாது :-)

நம்மூர்க் கருவாடு வெயில்ல காயும். ஜொட்கல் ஈரத்தோடவே ஜாடியில கிடக்கும். மீனோட குடல்ல இருக்கிற நொதிகளே சதையைக் கரைச்சு ருசியாக்கும். அதுக்குள்ள அழுகிடாம காவல் நிக்கிறது உப்பு. பழைய முறையில் உப்பு 20 சதவீதத்துக்கும் மேலே போகும். தரமும் கறாரா பார்ப்பாங்க. சந்திர மாதக் கணக்கில் ஆறாம் மாசம் பிடிச்ச கொழுத்த இறால்ல செய்யும் 'யுக்ஜொட்'டுக்குத்தான் மவுசு. குவாங்ச்சொன் ஊர்ல வருஷம் முழுக்க 15 டிகிரியை ஒட்டியே இருக்கும் குகைகள்ல வெச்சுப் பக்குவப்படுத்துறாங்க.

இவ்வளவு பக்குவம் தெரிஞ்ச நாட்டிலதான் 2019ல் ஹெபடைடிஸ்-ஏ மஞ்சள் காமாலை பரவுச்சு. 2018ல் சுமார் 2,400 பேருக்கு வந்த நோய், 2019ல் 17,500 பேருக்கும் மேல். தேடிப் பார்த்து, அந்த செப்டம்பர்ல அரசு கை காட்டினது 'ஜோகேஜொட்', அதாவது சிப்பி ஊறலை. பாதுகாப்பு உறுதியாகும் வரை சாப்பிடாதீங்கன்னு அறிவிச்சாங்க. அடுத்த வருஷம் நோயாளிகள் எண்ணிக்கை சுமார் 4,000க்கு இறங்கிடுச்சு.

ஃப்ரிட்ஜ் வந்தது, ரத்த அழுத்தப் பயமும் வந்தது, ஊறல்ல உப்பைக் குறைச்சாங்க, அதனால வந்த வினைன்னு தோணும். குறைஞ்ச உப்பில் பாக்டீரியா பயம் கூடும்கிறது உண்மைதான். ஆனா இங்கே வந்தது வைரஸ். உப்பு அதை நம்பகமா கொல்லாது. சிப்பி தண்ணியை வடிகட்டித்தான் தின்னும். கடல்ல மனுஷக் கழிவு கலந்தா அந்த வைரஸ் சிப்பிக்குள்ளேயே சேர்ந்துடும். பச்சையா ஊறப் போட்டா அப்படியே தட்டுக்கு வரும். நல்லா கொதிச்சா செத்துடும், ஆனா ஊறலை யார் கொதிக்க வைக்கிறாங்க?

ஆயிரம் வருஷ அனுபவம் அழுகலைத் தடுக்கக் கத்துக் கொடுத்தது. அழுகினா மூக்குக்குத் தெரியும், நாக்குக்குத் தெரியும். வைரஸுக்கு வாசனை கிடையாது. ஜாடியைத் திறந்ததும் பக்குவம் சொல்ற பாட்டியாலயும், அந்தச் சிப்பி வளர்ந்த தண்ணியில என்ன கலந்ததுன்னு சொல்ல முடியாது. அதுக்குப் பரிசோதனைக்கூடம் வேணும், அதுக்கும் முன்னாடி சுத்தமான கடல் வேணும்.