உறுப்பினர் பட்டியலில் இல்லாதவர்கள்

பண்ணைப் பாலத்தைக் கடந்து தீவகத்துட் புகுவோரை முதலில் எதிர்கொள்ளும் ஊர்களுள் ஒன்று அல்லைப்பிட்டி. கடலும் பனையும் சூழ்ந்த அச்சிற்றூரிலும், அப்பால் மண்கும்பான், வேலணை, புங்குடுதீவு என விரியும் ஊர்களிலும், மாலை மயங்கும் வேளையில் மனிதர் கூடும் இடங்கள் சிலவே. கோயில் வீதி, வாசிகசாலை, சனசமூக நிலையம், கரப்பந்தாட்ட வலை கட்டிய வெளி. பத்திரிகை படிப்பதும் சீட்டாடுவதும் அரசியல் பேசுவதும் நாடகத்துக்கு ஒத்திகை பார்ப்பதும் அங்கேதான். யாழ்ப்பாணத்துச் சமூக வரலாற்றின் பாதி இக்கூடங்களின் வாங்குகளிலே எழுதப்பட்டது என்றால் மிகையாகாது.

அவ்வாங்குகளில் யார் அமரலாம் என்னும் வழக்கு நம்மிடையே பழையது. 1924இல் மாணவர் காங்கிரசாகத் தோன்றிப் பின்னர் வாலிபர் காங்கிரசாக வளர்ந்த இயக்கம், ஹன்டி பேரின்பநாயகம் முதலியோரின் முயற்சியால் சமபந்திக்கும் சம ஆசனத்துக்கும் குரல் எழுப்பியது. உதவி பெறும் பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் அமரவேண்டும் என்ற நிலை வந்தபோது, அதைப் பொறாதார் சில பள்ளிக்கூடங்களுக்குத் தீ மூட்டினர். 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம், சாதியின் பேரால் ஒருவரைப் பொது இடங்களில் தடுப்பதைக் குற்றமாக்கியது. அச்சட்டத்தின் பெயரைச் சற்றே கவனித்தல் வேண்டும்: சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம்! குறைபாடு என்னும் சொல் அங்கே எவருடைய உடலையும் மூளையையும் சுட்டவில்லை. வழியை மறித்து நின்ற சமூகத்தின் செயலையே சுட்டியது. சட்டம் வந்த பின்னும் தேநீர்க்கடைகளில் தனிக் குவளை ஒழியவில்லை. 1966இன் ஊர்வலமும் 1968இல் மாவிட்டபுரக் கோயில் வாசலில் நடந்த போராட்டமும் தேவைப்பட்டன.

சாதி அடைத்த கதவு எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. எதிர்த்து நிற்கச் சபைகள் இருந்தன. திரண்டு வர ஊர்கள் இருந்தன. கண்ணுக்குத் தெரியாத வேறொரு கதவும் உண்டு. அது தெருவுக்கு ஒருவராய்ச் சிதறி வாழும் மனிதருக்கு எதிரே அடைபடுவது. ஓட்டிசம் என்று மருத்துவர் வழங்கும் இயல்போடு பிறந்து வளர்ந்து, முப்பதும் நாற்பதும் வயதான ஆண்களையும் பெண்களையும் பற்றியே பேசுகிறோம். மதியிறுக்கம் என்று தமிழில் ஒரு பெயர் வழங்குகிறது. பொருத்தமற்ற பெயர்! நாலு மணி நேரம் பேருந்து நேர அட்டவணையை விரித்துரைக்கக்கூடியவரின் மதியை இறுகியது என்று எவ்வாறு சொல்வது?

அவரை எந்தக் கழகமும் வெளியேற்றுவதில்லை என்பதை முதலிலே ஒப்புக்கொள்வோம். அவர் பேசுவோரின் கண்ணைப் பார்ப்பதில்லை. ஒலிபெருக்கி முழங்கினால் காதைப் பொத்திக்கொள்கிறார். மத்தியஸ்தர் புள்ளியைத் தவறாகச் சொன்னால், நூறு பேர் முன்னிலையில் எழுந்து நின்று திருத்துகிறார். அவர் சொன்ன கணக்கே சரி என்பது பிறரை இன்னும் சினமூட்டுகிறது. கூட்ட ஏட்டில் அவரைப் பற்றி எந்தத் தீர்மானமும் எழுதப்படாது. அடுத்த கூட்டத்தின் நேரம் அவரிடம் சொல்லப்படாது; அவ்வளவே. ஆண்டு இறுதியில் சந்தாப் பட்டியலைப் புதுப்பிக்கும்போது ஒரு பெயர் குறைந்திருக்கும். "பாவம், அது ஒரு மாதிரி" என்று நாற்பது வயது மனிதரை அஃறிணையிற் சுட்டி இரக்கப்படவும் நம்மவர் தவறுவதில்லை. தீர்மானம் எழுதப்படாத விலக்கத்துக்கு ஆவணம் ஏது? ஆகையால், இத்தகைய ஒருவர் ஊர்க் கழகங்களில் எவ்வாறு வாழ்ந்தார் என்பது முழுமையாகப் பதிவான ஓரிடத்தை நாடிக் கடல் கடந்து செல்ல வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் பொரெஸ்ற் என்னும் சிறு பட்டணம். சில ஆயிரம் மக்களே வாழுமிடம். அங்கே 1933இல் பிறந்தவர் டொனால்ட் டிரிப்லெற். மூன்று வயதிலேயே மருத்துவர் சொற்படி ஒரு காப்பகத்தில் விடப்பட்டார். மனம் கேளாத பெற்றோர் ஏறத்தாழ ஓராண்டில் மீட்டு வந்தனர். வழக்கறிஞரான தந்தை மகனின் இயல்புகளை 33 பக்கக் கடிதமாக எழுதிப் பால்ற்றிமோர் நகரின் உளமருத்துவர் லியோ கானருக்கு அனுப்பினார். கானர் 1943இல் பதினொரு பிள்ளைகளைப் பற்றி வெளியிட்ட கட்டுரையிலேயே ஓட்டிசம் தனியொரு நிலையாக விவரிக்கப்பட்டது. அதில் முதலாவதாக இடம்பெற்ற பிள்ளை டொனால்ட்.

உலகம் அக்கட்டுரையை அறியும். அதற்குப் பின் நிகழ்ந்தவற்றைப் பலர் அறியார். சில ஆண்டுகள் அவர் ஓர் உழவர் தம்பதியின் பண்ணையில் வளர்ந்தார். எதையும் எண்ணிக்கொண்டிருக்கும் அவருடைய ஆசையை அத்தம்பதி அடக்க முயலவில்லை. கிணற்றின் ஆழத்தை அளக்கவிட்டனர். சோளப் பாத்திகளை எண்ணிக்கொண்டே உழவிட்டனர். பிறகு கல்லூரி. அங்கே மாணவர் சங்கமொன்றில் உறுப்பினரானார். பாடகர் குழுவிற் பாடினார். 1958இல் பட்டம் பெற்று ஊர் திரும்பி வங்கியில் அலுவல் ஏற்றார். 23ஆம் வயதிற் கோல்ப் ஆட்டம் பழகினார்; 27ஆம் வயதிற் கார் ஓட்டப் பழகினார். அவர் பந்தடிக்கும் முறை விசித்திரமானது. விரல்களை எச்சிலால் நனைத்து, மட்டையைப் பலமுறை மேலுங்கீழும் அசைத்து, அதன் பின்னரே அடிப்பார். ஆட்டக்காரர் அதுவரை காத்து நின்றனர். கலப்பு அணிகளாக ஆடும் போட்டிகளில் அவரும் ஓர் அணியில் இடம்பெற்றார். கண்டவர்க்கெல்லாம் ஓர் எண்ணைப் பெயராகச் சூட்டினார். இறப்பர் வளையத்தால் சுண்டி அடித்து வணக்கம் சொன்னார். ஊர் அதைப் பழகிக்கொண்டது. இரு பத்திரிகையாளர் அவரைத் தேடி வந்து 2010இல் எழுதியபோது, டொனால்டுக்குத் தீங்கு நேர்ந்தால் உம்மைச் சும்மா விடோம் என்று ஊரவர் அவர்களை எச்சரித்தனராம். பெற்றோர் மறைந்த பின்னரும் அதே வீட்டில் தனியே வாழ்ந்து, தனியே பல நாடுகளுக்குப் பயணஞ்செய்து, 2023 யூன் மாதத்தில் 89ஆம் வயதிற் காலமானார்.

இக்கதையைக் கேட்டு உருகி நின்றுவிடுதல் கூடாது. அவர் வேலை பார்த்த வங்கி தாயின் குடும்பத்தாருக்கு உரியது. தோலோ வெள்ளை. அவர் கோல்ப் பழகிய அந்த ஐம்பதுகளில், மிசிசிப்பியின் கறுப்பின மக்கள் இத்தகைய கழகங்களின் புல்லை வெட்டலாமேயன்றி அதன்மேல் ஆடவியலாது. டொனால்டைப் போலவே எண்ணிக்கொண்டும் அசைந்துகொண்டும் இருந்த கறுப்பினப் பிள்ளை ஒருவனுக்கு அந்தப் பட்டணம் எத்தனை பொறுமை காட்டியிருக்கும்? கானரின் பதினொருவருள்ளும் எல்லோரும் வாழவில்லை. 1971இல் அவர் தம் பழைய பிள்ளைகளைத் தேடிச்சென்று எழுதியபோது, அரசு மனநல விடுதிகளில் அடைக்கப்பட்டவர்கள் ஆயுள் தண்டனை பெற்றவர்களை ஒத்திருந்தனர் என்று மனம் நொந்தார். பணமும் நிலமும் ஒருவனுக்கு வாங்கித் தந்த இடத்தை ஊரின் பெருந்தன்மை என்று மட்டும் வருணிப்பது அரைக்கணக்கு.

ஆயினும் மற்றைய அரைக்கணக்கையும் தள்ளவியலாது. 1972இற் கானரும் உடனுழைத்தோரும் தாம் அறிந்த 96 பேருள் ஓரளவு நன்றாக வாழ்ந்த சிலரைத் தெரிந்து ஆராய்ந்தனர். தாம் பிறரினின்று வேறானவர் என்பதை இளமைப் பருவத்தில் உணர்ந்த அவர்கள், எந்தப் பித்தை மருத்துவர் நோய்க்குறி என்று எழுதினரோ அதையே பிறரிடம் செல்லும் கதவாக ஆக்கிக்கொண்டனர் என்பது அவ்வாய்வின் செய்தி. இசைப் பித்து இசைக்குழுவுக்கும், கணக்குப் பித்து அதை விரும்புவோர் கூட்டத்துக்கும் வழி காட்டியது. அலுவலகத்தில் வேலை கிடைப்பதும் பள்ளியில் இடம் கிடைப்பதும் வேறு. விருப்பத்தின் பேராற் கூடும் கழகத்திலே, பேசத் தெரியாதவனுக்கும் பேசுபொருள் ஒன்று ஆயத்தமாக உண்டு. அந்தக் கதவும் அடைபட்டால் எஞ்சுவது வீட்டு விறாந்தையே.

அடைத்த கதவின் முன் காத்திராமல் தமக்கெனக் கூடம் அமைத்தவர்களும் உண்டு. ஜிம் சின்கிளேயர் முதலிய ஓட்டிசம் உடையோர் 1992இல் அமெரிக்காவில் ஓர் அமைப்பைத் தொடங்கி, 1996 முதல் ஆண்டுக் கூடல்களை நடத்தினர். அங்கே ஒவ்வொருவரும் நிற அட்டை அணிந்தனர். சிவப்பாயின் எவரும் பேச்சுக் கொடுக்க வேண்டாம். மஞ்சளாயின் முன்பே பழகியவர் மட்டும் பேசலாம். பச்சையாயின் பேச விருப்பம், தொடங்கத்தான் தெரியவில்லை, நீங்கள் தொடங்குங்கள். எத்துணை எளிய ஏற்பாடு! நம் திருமண மண்டபங்களிலும் சிலருக்கு அந்தச் சிவப்பு அட்டை பயன்படும் என்று தோன்றுகிறது.

இனி நம் தீவகத்துக்கு வருவோம். இலங்கையின் 1996ஆம் ஆண்டு 28ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளர்க்குக் கல்வியிலும் அலுவலிலும் பாகுபாடு கூடாதென்கிறது; பொதுக் கட்டடங்களுள் நுழையும் உரிமையைப் பேசுகிறது. 2016இல் இலங்கை ஏற்றுறுதி செய்த ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையின் 30ஆம் உறுப்புரை, பண்பாட்டு வாழ்விலும் ஓய்விலும் விளையாட்டிலும் பங்குகொள்ளும் உரிமையையே தனியாகக் கூறுகிறது. கட்டடத்தின் வாசலைச் சட்டம் திறக்கும். சீட்டாட்டத்தில் நாலாவது கையாக உட்காரவைக்க அதனால் இயலாது. கோண்டாவிலில் இயங்கும் சிவபூமிப் பாடசாலை போன்றவை பிள்ளைகளுக்குத் துணை நிற்கின்றன. பள்ளி வயது முடிந்த மறுநாள் மாலை அவர்கள் எங்கே போவது? இலங்கையில் நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஆய்வொன்று 93 குழந்தைகளுள் ஒருவருக்கு ஓட்டிசம் என்று கணக்கிட்டது. அக்குழந்தைகள் இன்று வாக்களிக்கும் வயதினர்.

அல்லைப்பிட்டியோ 1990இலும் 2006இலும் இருமுறை பெயர்ந்த ஊர். அதன் மக்களுட் பலர் பாரிசிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழ்கின்றனர். சென்றவிடமெல்லாம் நம்மவர் முதலில் அமைத்தது ஊர்ச்சங்கந்தான். கோடைகால ஒன்றுகூடலும் உதைபந்தாட்டப் போட்டியும் கலைவிழாவும் தவறாமல் நடக்கின்றன. அகதியாய்ச் சென்று, மொழி தெரியாத நாட்டில், எந்தக் கூட்டத்திலும் ஓரத்தில் நின்ற அனுபவம் அச்சங்கங்களின் மூத்த உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் உண்டு. அவர்களுடைய வீடுகளிலும் ஓட்டிசம் உடைய வளர்ந்த மக்கள் இருக்கின்றனர். விழா நாளில் அவர்களுக்குத் துணையாகத் தாயோ தமக்கையோ வீட்டிலே தங்கிவிடுகிறார். அழைப்பிதழ் குடும்பத்துக்கென்று வந்தாலும் போவது பாதிக் குடும்பம். ஒலிபெருக்கியைச் சற்றுத் தணிக்கலாம். மண்டபத்தின் பின்னே சந்தடியற்ற அறையொன்றைத் திறந்து வைக்கலாம். போட்டியின் புள்ளிக் கணக்கைப் பிழையின்றி எழுதக்கூடியவர் ஒருவர் அந்த வீட்டில் இருக்கிறார்; அவரைக் கேட்கலாம். அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கான அறிவித்தல், குடும்பத் தலைவரின் பெயரோடு நில்லாமல், அவர் பெயருக்கும் தனியே ஒன்று போகட்டும்.