நஸ்ஸாவ் கலவாவின் சரித்திரம்

கரிபியன் கடலிலும் பஹாமாஸ் தீவுகளைச் சூழ்ந்த நீர்ப்பரப்பிலும், பவளப்பாறைகளின் குகைகளிலும் இடுக்குகளிலும் தனித்து வாழும் சுபாவமுள்ள நஸ்ஸாவ் கலவா என்னும் மீன், வருஷத்தில் சில தினங்கள் மட்டும் அந்த ஏகாந்தத்தைத் துறந்து தன் இனத்தோடு கூடுகிறது. அந்தச் சில தினங்களே அதன் சந்ததி விருத்திக்கும், மனிதனுடைய பேராசையினால் அதன் நாசத்துக்கும் காரணமாயின.

முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சு ஒரு மாதத்துக்கு மேலாக நீரோட்டத்தில் மிதந்து திரிந்து, பிறகு கரையோரத்துக் கடற்பாசிப் புதர்களிலும் கடற்புல் படுகைகளிலும் அடைக்கலம் புகுகிறது. சற்று வளர்ந்ததும் சிறு பாறைத் திட்டுகளுக்குப் பெயர்ந்து, முதிர்ந்தபின் ஆழமான பவளப்பாறைகளைச் சேர்கிறது. பருவமடைய 4 முதல் 8 வருஷங்கள் வரை ஆகும். அதன்பின், டிசம்பர் முதல் பிப்ரவரி வரையுள்ள பௌர்ணமிகளை ஒட்டி, சில சமயம் நூறு கிலோமீட்டருக்கும் மேல் யாத்திரை செய்து, கடலடி செங்குத்தாய்ச் சரியும் பாறை முனைகளில், தலைமுறை தலைமுறையாக மாறாத அதே ஸ்தலத்தில் திரண்டு, அந்தி வேளையில் முட்டைகளைச் சொரிகிறது.

பிமினி தீவுக்கு அருகே இத்தகைய கூட்டமொன்றைக் கண்டு 1972-ல் வருணித்த லாவெட் ஸ்மித் என்னும் விஞ்ஞானி, அதில் 30,000 முதல் 1,00,000 மீன்கள் இருக்கலாமென்று மதிப்பிட்டார். ஆனால் விஞ்ஞானம் அறியுமுன்பே மீனவர் அந்த ஸ்தலங்களை அறிந்திருந்தனர். பெலீஸ் நாட்டின் கே குளோரி என்னுமிடத்தில் 1960-களில் 300 படகுகள் வரை பருவந்தோறும் கூடின. திருவிழாவுக்குப் பல கிராமத்து ஜனங்கள் ஒரே கோயிலில் திரண்டிருப்பதைக் கண்டு அவ்வூரின் ஜனத்தொகையே அவ்வளவு என்று ஒருவன் எண்ணுவானானால் எத்தகைய பிழையோ, அத்தகைய பிழையே இங்கு நேர்ந்தது: சுற்றுப்பாறைகள் யாவும் வெறுமையாகிவந்த காலத்திலும், கூடுமிடத்தில் தூண்டிலுக்குக் குறைவின்றி மீன் அகப்பட்டமையால், குறைவு கண்ணில் படவில்லை, கண்ணில் பட்டபோதோ, கூட்டமே இல்லை. பெர்முடாவில் அவ்விதமே அது மறைந்தது. 1996-ல் அபாயத்திலுள்ள இனமென்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அறிவித்த இம்மீன், 2018-ல் அதிதீவிர அபாயத்திலுள்ளவற்றின் வரிசையில் சேர்க்கப்பட்டது.

இந்தத் துயரச் சரித்திரத்தில் நம்பிக்கையளிக்கும் அத்தியாயம் கேமன் தீவுகளில் எழுதப்பட்டது. 2001-ல் லிட்டில் கேமனின் மேற்கு முனையில் சுமார் 7,000 மீன்கள் கூடுவது தெரியவந்ததும், இரண்டே பருவங்களில் ஏறக்குறைய 4,000 பிடிக்கப்பட்டன. அரசாங்கம் விழித்துக்கொண்டு, 2003-ல் கூடுமிடங்களில் மீன்பிடிப்பைத் தடுத்தது. பலன் உடனே தோன்றவில்லை. மந்தமாக வளரும் ஜீவனுக்கு மந்தமாகவே மீட்சி வரும். ஆயினும் விதி தளர்த்தப்படாமல் நீடித்ததனால், 2018 வாக்கில் அந்தக் கூட்டம் மீண்டும் 7,000-ஐ எட்டியது.

குஞ்சு ஒதுங்கும் கடற்புல்லையும், வளர்ந்த மீன் வாழும் பாறையையும் காப்பது அவசியமே; ஆனால் கூடும் காலத்தில் கூடுமிடத்தைத் தீண்டாதிருப்பதே யாவற்றிலும் முதன்மையானது. கூட்டம் முற்றிலும் அழியுமுன் அந்த விரதத்தை மேற்கொள்ளும் நாடே தன் சந்ததியாருக்கு இம்மீனை விட்டுச்செல்லும்.